மேஜையில் சொன்னது

எல்ட்ரனில் தீயணைப்புக்காரர் கதவைத் தட்டினால் யாரும் "யாரு?" என்று கேட்பதில்லை. மாவட்ட அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் திரைச்சீலையை லேசாக விலக்கிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லாததுபோல் இருந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வந்தால் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவார்கள். தீயணைப்பு நிலையத்தின் நீலச் சட்டையைக் கண்டால் மட்டும் கதவு தானாகத் திறக்கும். அடுப்பில் காபியும் ஏறிவிடும். இந்த நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களில் ஆர்விட் மட்டிலாவும் ஒருவர். அது எப்படிச் செலவானது என்பதையும் அவர்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மினசோட்டாவின் வடகோடியில் இரும்புச் சுரங்கத்தை நம்பி உண்டான ஊர் அது. ஆர்விட்டின் அப்பா சுரங்கத்தில் வெடி வைக்கிறவர். அப்பன் வெடிக்க வைத்ததை மகன் அணைக்கப் போகிறான் என்று அந்தக் காலத்தில் கேலி செய்தார்கள். மகன் அதைப் பொருட்படுத்தவில்லை. தீயணைப்பு நிலையத்தில் சேர்ந்தார், கேப்டன் ஆனார், தலைமுடி நரைத்து ஓய்வுபெற்றார். லெம்பியை அவர் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் அறிந்திருந்தார். அவசர அழைப்புகளை வாங்கி வண்டிகளை அனுப்பும் வேலை லெம்பிக்கு. எந்தத் தெருவில், எந்த வீட்டில், உள்ளே எத்தனை பேர் என்று ரேடியோவில் அவள் சொல்லும்போது, எரிகிற வீடும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் என்று தோன்றும். அந்தக் குரலைத் தேடிப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளைகள் இல்லை.

நிலையத்தின் சமையலறையில் ஒரு நீள மேஜை உண்டு. வண்டிகளைக் கழுவி, குழாய்களைக் காயப்போட்டுவிட்டு எல்லோரும் அங்கேதான் வந்து உட்காருவார்கள். அன்றைக்கு யார் முறையோ அவர் சமைப்பார். உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டு ஓவன் அடுப்பில் வைத்த ஏதோ ஒன்று, பெரும்பாலும் கருகியிருக்கும். அந்த மேஜைக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. அங்கே பேசியது எதுவும் அங்கிருந்து எழுந்து போகாது. மனைவியிடமும் போகாது, நிலையத் தலைவரான சீஃபிடமும் போகாது. எரிந்த குழந்தையைத் தூக்கி வந்தவன் அழுவதற்கு ஓர் இடம் வேண்டும். அதற்கு வேறு இடம் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வண்டி ஓட்டுகிற ரூடி ஒரு காலத்தில் குடித்துவிட்டு வேலைக்கு வந்தது அந்த மேஜைக்குத் தெரியும். ஆர்விட் அவனைப் பின்னால் உட்காரவைத்துவிட்டுத் தானே ஓட்டினார். பிறகு ஒரு மாதம் முதுகுவலி என்று சொல்லவைத்து, குடியை நிறுத்தும் இடத்துக்கு அனுப்பினார். ரோண்டா கோவாச் சேர்ந்த புதிதில், புகை நிறைந்த ஒரு மாடிப்படியில் கால் நகராமல் அப்படியே நின்றுவிட்டதும் மேஜைக்குத் தெரியும். அந்த நிலையத்தின் முதல் பெண் அவள். ஒரு சொல் வெளியே போயிருந்தால் அடுத்த வாரமே அனுப்பியிருப்பார்கள். ஆர்விட் அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி வெளியே விட்டுவிட்டு, குழாயின் முனையைத் தான் வாங்கிக்கொண்டார். சாப்பிடும்போது அவள் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார். அவ்வளவுதான். பிற்பாடு அவள் எத்தனையோ படிகளில் ஏறினாள். தான் வாழ்க்கையில் செய்தவற்றில் தேறக்கூடிய காரியங்கள் இந்த இரண்டும்தான் என்று ஆர்விட் தனக்குள் நினைத்திருந்தார்.

அவர் ஓய்வுபெறும் சமயத்திலேயே ஊர் கிழடு தட்டிவிட்டிருந்தது. சுரங்கத்தில் ஆட்குறைப்பு, இளவட்டங்கள் தெற்கே நகரங்களுக்குப் போய்விட்டார்கள். தீப்பிடிப்பது அபூர்வம். நிலையத்துக்கு வரும் அழைப்பெல்லாம் குளியலறையில் விழுந்தவர்கள், மாத்திரையை மாற்றி விழுங்கியவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், மூச்சு நன்றாக இருந்தும் தனியாக இருக்கப் பயந்தவர்கள். ஒரே ஆளைத் தூக்கி உட்காரவைக்க ஒரே வாரத்தில் பலமுறை பெரிய வண்டி போகும். அதனால்தான் அந்தத் திட்டம் வந்தது. அவசர சிகிச்சை படித்த பாராமெடிக் ஒருவர் முன்கூட்டியே வீடு வீடாகப் போவது. எடை பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, மாத்திரையைப் பிரித்து வைப்பது, கால் தடுக்கும் விரிப்பை எடுத்துவிடுவது, குளிர்பதனப் பெட்டியைத் திறந்து உள்ளே சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. மேலே ஒரு டாக்டர் பொறுப்பு. ஆஸ்பத்திரியும் மாவட்டமும் செலவைப் பகிர்ந்துகொள்ளும்.

ஊர்க்கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. சுரங்கக்காரர் ஒருவரின் விதவை எழுந்து கேட்டாள்: "இது ஆஸ்பத்திரிக்காரன் வேலைதானே? உங்க சட்டையப் போட்டுக்கிட்டு வர்றானா?"

ஓய்வுபெற்றவரான ஆர்விட்டைத்தான் சீஃப் டுவெய்ன் பேசச் சொல்லியிருந்தார். ஆர்விட் எழுந்து நின்றார். "வர்றது ஆஸ்பத்திரி இல்லம்மா. நாங்கதான். உங்க வீட்டுப் புகைபோக்கியில பறவை மாட்டிக்கிட்டப்ப ஏறினோமே, அதே ஆளுங்க. கதவைத் திறங்க. ஒண்ணும் ஆகாது."

சொன்னதில் பொய் இல்லை என்றே அவர் நம்பினார். கதவுகள் திறந்தன.

அந்த வேலை ரோண்டாவுக்குக் கிடைத்தது. அதற்கென்று தனியாகப் படித்து வந்தாள். ஒரு சின்னக் காரின் பக்கவாட்டில் நிலையத்தின் முத்திரையை ஒட்டிக் கொடுத்தார்கள். மேஜையில் அதற்கு மாத்திரை வண்டி என்று பெயர் வைத்தார்கள்.

"தீயை அணைக்கப் படிச்சவ, இப்பக் கிழவங்களுக்குக் கால் நகம் வெட்டுறா" என்றான் ரூடி. அவனும் ஓய்வுபெற்றவன்தான், வெள்ளிக்கிழமை காலைகளில் பழைய ஆட்கள் காபிக்கு நிலையத்தில் கூடுவது வழக்கம்.

"உங்க நகத்தையும் ஒருநாள் வெட்டுவேன் ரூடி. அதுக்குக் கோடாலி தனியா எடுத்துவச்சிருக்கேன்" என்றாள் ரோண்டா.

திட்டம் பலன் தந்தது. ஆம்புலன்ஸ் தேவையில்லாமல் ஓடுவது குறைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியவர்கள் மறுபடி போவதும் குறைந்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு வீட்டுக்குள் போவதற்கு எந்த உரிமையில் போகிறோம் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. தீயை அணைக்கப் போகிறவன் வீட்டைப் பார்ப்பதில்லை, தீயைத்தான் பார்க்கிறான். இப்போது போகிறவர்களுக்கு வீட்டைப் பார்ப்பதே வேலை. சட்டை மட்டும் பழைய சட்டை.

லெம்பிக்கு மறதி முற்றி, அவளை ஏரிக்கரையில் உள்ள முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. காட்டு வழியாக ஒரு மணி நேரப் பயணம். சேர்த்த முதல் வாரம் அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஆர்விட் போய், பாலில் வேகவைத்துப் பட்டைப்பொடி தூவிய அரிசிக் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து நீட்டியதும் வாங்கிக்கொண்டாள். "நீங்க குடுத்தாத்தான் சாப்பிடுறாங்க" என்று அங்கே இருந்த ஒரு நர்ஸ் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தின் மேல் ஆர்விட் தன் மீதி வாழ்க்கையைக் கட்டினார். தினமும் காலையில் கஞ்சி காய்ச்சுவார், ஃபிளாஸ்கில் ஊற்றுவார், தன் பிக்அப் வண்டியில் கிளம்புவார். மதியச் சாப்பாட்டை ஊட்டிவிட்டுத் திரும்புவார். பனி கொட்டினாலும் போவார். "எங்கயாவது வெளியூர் போயிட்டு வாயேன்" என்று ரூடி சொன்னால், "நான் போகலைன்னா அவ பட்டினி" என்பார். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்.

சென்ற இலையுதிர்காலத்தில் அவருக்கே கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. இதயம் சரியாக இறைக்கவில்லை என்றார்கள். சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, கைநிறைய மாத்திரையோடு அனுப்பினார்கள். அந்த நாட்களில் லெம்பி எப்படி இருந்தாளோ என்ற நினைப்புதான் அவரை நோயைவிட அதிகமாக வாட்டியது. அவர் ஊட்டாமல் அவள் எப்படி உயிரோடு இருந்தாள் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய கேள்வியாக அது அவருக்குத் தோன்றவில்லை.

அதிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் மாத்திரை வண்டி அவர் வீட்டு வாசலுக்கும் வந்தது. ஆர்விட்டுக்கு அது நோயாளியைப் பார்க்க வருவதாகப் படவே இல்லை. ரோண்டா வருகிறாள், அவ்வளவுதான். எடைப் பலகையில் ஏறச் சொல்வாள், காலை அழுத்திப் பார்ப்பாள். பிறகு இருவரும் அவர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஏலக்காய் போட்ட ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு, ஊர்க்கதை பேசுவார்கள்.

"உப்புக் கம்மி பண்ணீங்களா?"

"பண்ணிட்டேன்."

"அப்ப அந்த மீன் டப்பா?"

"அது பூனைக்கு."

"உங்ககிட்டதான் பூனையே இல்லயே கேப்டன்."

"வந்தா குடுக்கணும்ல."

பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ரொட்டியைத் தொடவில்லை. சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"போன வாரம் ஒரு விஷயம் நடந்துச்சு. திரும்பி வர்ற வழி. மரம் வெட்டுற ரோடு பிரியுதே, அங்க. ஓட்டிட்டிருந்தேன். அடுத்து பாத்தா வண்டி பனிக்குவியலுக்குள்ள நிக்குது. நடுவுல என்ன ஆச்சுன்னு தெரியல. விளக்கை அணைச்ச மாதிரி."

ரோண்டா கோப்பையைக் கீழே வைத்தாள். "தூங்கிட்டீங்களா?"

"தூக்கம் எனக்குத் தெரியாதா? இது அது இல்ல."

"முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"வீட்ல ஒருதடவ."

"கேப்டன், இது இதயம் நின்னு நின்னு ஓடுறதா இருக்கலாம். நெஞ்சுக்குள்ள ஒரு சின்ன மெஷின் வச்சா சரியாப் போகலாம். நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம், நானே கூட்டிட்டுப் போறேன்."

"போனா முதல் கேள்வி என்ன கேப்பாங்க? வண்டி ஓட்டுறீங்களான்னு. ஓட்டுறேன்னு சொன்னா சாவியப் பிடுங்குவாங்க. அப்புறம் லெம்பி?"

அவள் கோப்பையைத் திரும்பவும் எடுத்தாள்.

"இது மேஜையில சொன்னது, ரோண்டா" என்றார் அவர்.

ரோண்டா கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். தலை அசைத்தாளா இல்லையா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை. சொல்லிவிட்டதில் நெஞ்சு லேசாகியிருந்தது. சட்டத்தைச் சொல்லியாயிற்று, அவளும் அந்தச் சட்டத்தின் கீழ் பிழைத்தவள். வாசல்வரை போய் அவளை வழியனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் நிலையத்தின் முன்னால் பிக்அப்பை நிறுத்தியபோது, உள்ளேயிருந்து டுவெய்ன் வெளியே வந்தார். சீஃப் வெளியே வந்து யாரையும் வரவேற்கிற வழக்கம் இல்லை. குளிரில் கோட்டுகூடப் போடாமல் நின்றார்.

"ஆர்விட், உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை."

"சொல்லு."

"உங்க லைசென்ஸை நிறுத்தி வச்சிருக்காங்க. டாக்டர் மாநில ஆபீசுக்குச் சொல்லிட்டாரு. மயக்கம் வந்து வண்டி ரோட்டை விட்டு இறங்குச்சுன்னா அவங்க சொல்லியே ஆகணுமாம். மூணு மாசம் மறுபடி வராம இருந்தா, மெஷினும் வச்சுக்கிட்டா, திருப்பித் தருவாங்க. ஷெரிஃப் ஆளு வீட்டுக்கு வந்து சொல்றதுக்கு முன்னாடி எங்ககிட்ட இருந்து தெரியட்டும்னு நினைச்சேன்."

"டாக்டருக்கு யாரு சொன்னது?"

டுவெய்ன் தரையைப் பார்த்தார். ஆர்விட் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தார்.

"மூணு மாசம்" என்றார் ஆர்விட். "லெம்பி மூணு மாசம் சாப்பிடாம இருப்பாளா?"

"ஏற்பாடு பண்ணலாம். மாவட்ட வேன் இருக்கு..."

"வேன் ஏரிக்கரைக்கு எப்ப போகுது?"

"புதன்கிழமை."

"மத்த நாள் அவளுக்குப் பசிக்காதா?"

கதவுக் கண்ணாடி வழியாக மேஜை தெரிந்தது. பழைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கமாக அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் கத்துகிற ரூடி, கோப்பைக்குள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன்போலக் குனிந்திருந்தான். ஆக, அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு தெரியும் என்பது முக்கியமில்லை. அவரைப் பற்றிய ஒன்று அந்த மேஜைக்கு அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டது.

"ரூடி உங்கள வீட்ல விடுவான்" என்றார் டுவெய்ன்.

"அவன் குடிச்சிருந்தப்ப நான் அவன விட்டேன். கணக்கு நேராகுது போல" என்றார் ஆர்விட். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியை நுழைத்தார். திருப்பவில்லை. விளக்கை அணைத்ததுபோல் என்று தானே சொன்னது அவருக்குக் கேட்டது. இறங்கி, கதவைச் சாத்தி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். யாரும் பின்னால் வரவில்லை. வந்திருந்தால் திட்டியிருப்பார். வராததும் பொறுக்கவில்லை.

மதியம் ரோண்டா வந்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் தட்டினாள்.

"யாரு?" என்றார் ஆர்விட்.

"ரோண்டா."

"எந்த ரோண்டா? ஆஸ்பத்திரி ரோண்டாவா, ஸ்டேஷன் ரோண்டாவா?"

"ரெண்டும் ஒருத்திதான் கேப்டன்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கணும்."

"கதவைத் திறங்க. முகத்தைப் பாத்துப் பேசுறேன்."

"முகத்தைப் பாத்து நீ பேசினதெல்லாம் போதும். மேஜையில சொன்னதுன்னு உன்கிட்ட சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. நான் சரின்னு சொல்லலையே."

"இல்லன்னும் சொல்லலையே! காபியக் கலக்கிட்டிருந்த. நீ சக்கரையே போடுறதில்ல. எதைக் கலக்கின?"

கதவுக்கு அப்பால் அவள் மூச்சு விடுவது கேட்டது. "எதிர்ல ஸ்கூல் பஸ் வந்திருந்தா, கேப்டன்?"

"வரல."

"வந்திருந்தா?"

"மாடிப்படியில நீ மரமா நின்னியே, அதை நான் யார்கிட்ட சொன்னேன்?"

"யார்கிட்டயும் சொல்லல."

"உன் பின்னாடி ஆள் இல்லையா? மேல மாட்டிக்கிட்டவங்க இல்லையா? அப்ப ஆபத்து இல்லையா?"

"இருந்துச்சு" என்றாள் அவள். குரல் தணிந்திருந்தது. "அதை நினைச்சா இன்னைக்கும் எனக்குத் தூக்கம் வராது. நான் மறுபடி நின்னிருந்தா செத்திருக்கக்கூடியது நீங்கதான். நீங்க அன்னைக்குச் சொல்லியிருக்கணும் கேப்டன்."

அதுவரை அவருக்கு வந்தது கோபம். இந்தச் சொல்லுக்குப் பிறகு வந்தது வேறு. சுவரில் கைவைத்துக்கொண்டார். தான் செய்த இரண்டு நல்ல காரியங்களில் ஒன்றை, அதனால் பிழைத்தவளே திருப்பிக் கொண்டுவந்து, இது வேண்டியதில்லை, தவறாகக் கொடுத்துவிட்டீர்கள் என்று வாசலில் வைத்துவிட்டாள். ரகசியத்தை வெளியே சொன்னதைக்கூட அவர் ஒருநாள் மன்னிக்கக்கூடும். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

"டாக்டர்கிட்ட சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "உங்ககிட்ட முதல்ல சொல்லாதது தப்பு. ரெண்டு தடவ உங்க தெருமுனை வரைக்கும் வந்தேன். திரும்பிப் போயிட்டேன். பயமா இருந்துச்சு."

"லெம்பிக்கு யாரு ஊட்டுறது?"

வாசற்படியில் அவள் கால் மாற்றி நிற்பது கேட்டது.

"அதையும் உன் டாக்டர்கிட்டயே கேளு. கையில கரண்டியோட அனுப்பி வைப்பாரு."

அவள் போன பிறகு இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "நல்லா இருக்காங்க மிஸ்டர் மட்டிலா, கவலைப்படாதீங்க" என்றார்கள். அவசர வேலையில் இருந்தவர் அல்லவா அவர்? எரிந்து முடிந்த வீட்டின் முன்னால் நிற்கிறவர்களிடம் அவரும் இதையேதான் சொல்லியிருக்கிறார். மறுநாளும் பேசினார், அதே பதில். கஞ்சி மட்டும் தினமும் காலையில் காய்ச்சினார். காய்ச்சி, ஆறவிட்டு, தானே தின்றார். சில நாள் கொட்டினார். ரூடிக்குக் கண்ணில் புரை. ஊர் எல்லையைத் தாண்டி ஓட்ட மாட்டான். வேறு யாரிடமும் அவர் கேட்கவில்லை. இத்தனை ஆண்டு அந்த ஊரில் கூப்பிட்ட குரலுக்குப் போனவருக்கு, தான் கூப்பிடக் கற்றுக்கொள்ள நேரமிருக்கவில்லை. புதன்கிழமை வேன் வாசலில் வந்து ஒலியெழுப்பியது. மாவட்டத்தின் பெயர் எழுதியிருந்தது. திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு உள்ளேயே இருந்துவிட்டார்.

ரோண்டா செவ்வாய்க்கிழமை வந்தாள். திறக்கவில்லை. அடுத்த செவ்வாயும் வந்தாள். கதவுக்கு வெளியே நின்று, "நாளைக்கு எனக்கு லீவு. என் சொந்தக் கார்ல உங்கள லெம்பிகிட்ட கூட்டிட்டுப் போறேன். பேச வேண்டாம். ஏறி உக்காந்தா போதும்" என்றாள். அன்றிரவு அவர் லெம்பியின் எலும்பு துருத்திய தோளைக் கற்பனை செய்து பார்த்தார். காலையில் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

ரோண்டா முன்கதவைத் திறந்துவிட்டாள். அவர் பின்கதவைத் திறந்து பின்னால் ஏறினார்.

"முன்னாடி உக்காருங்களேன் கேப்டன்."

"நோயாளிங்க பின்னாடிதான்."

வழி முழுக்க அவர் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், "இல்லத்துக்கு நானும் போன் பண்ணினேன். சொந்தக்காரங்க இல்லைன்னா ஒண்ணும் சொல்ல மாட்டோம்னுட்டாங்க" என்றாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லத்தின் வாசலில் இறங்கியதும், "நீ உள்ள வர வேண்டாம்" என்றார்.

சாப்பாட்டு அறையில் லெம்பி வழக்கமான இடத்தில், சன்னலோரம் இருந்தாள். கன்னம் ஒட்டியிருக்கவில்லை. தலைமுடியைச் சீவிப் பின்னியிருந்தார்கள். அவள் எதிரே பணிப்பெண் மர்லிஸ் உட்கார்ந்து, கரண்டியால் சூப் கொடுத்துக்கொண்டிருந்தாள். லெம்பி ஒவ்வொரு கரண்டிக்கும் முன்னதாகவே வாயைத் திறந்து காத்திருந்தாள். வேகமாகச் சாப்பிட்டாள், ருசித்துச் சாப்பிட்டாள்.

ஆர்விட் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"அட, மிஸ்டர் மட்டிலா!" மர்லிஸ் எழுந்தாள். "வாங்க வாங்க. இன்னைக்கு வருவீங்கன்னு தெரியாதே. தெரிஞ்சிருந்தா குடுக்காம வச்சிருப்பேனே."

"குடுக்காம வச்சிருப்பீங்களா?"

"எப்பவும் அப்படித்தானே? நீங்க வந்து ஊட்டணும்னு ஆசைப்படுவீங்களே, அதனால இவங்க தட்டை மட்டும் எடுத்து வச்சிருவோம். பனி நாள்ல உங்களுக்கு நேரமாயிடும். பாவம், பக்கத்துத் தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க." அவள் சிரித்தாள், அன்பான சிரிப்புதான். "காலைலயும் ராத்திரியும் நாங்க யாரு குடுத்தாலும் சாப்பிடுவாங்க. இப்ப ரெண்டு வாரமா மத்தியானமும் நேரத்துக்குச் சாப்பிடுறாங்களா, எடை கூட ஏறியிருக்கு."

"முதல் வாரம் சாப்பிடலையே."

"முதல் வாரம் யாருமே சாப்பிட மாட்டாங்க மிஸ்டர் மட்டிலா. புது இடம்ல."

அவர் உட்கார்ந்தார். மர்லிஸ் தன் கரண்டியை அவரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். அவர் ஃபிளாஸ்கைத் திறந்து கஞ்சியை எடுத்து நீட்டினார். லெம்பி வாங்கிக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை; கரண்டியைப் பார்த்தாள். பிறகு போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயிறு நிறைந்திருந்தது.

"லெம்பி" என்றார்.

"எந்தத் தெரு?" என்று கேட்டாள் அவள், பழைய குரலில்.

அவர் தன் தெருவின் பெயரைச் சொன்னார். அவள் தலையாட்டினாள். யாரையும் அனுப்பவில்லை.

தன்னை ஏமாற்றியவர்கள் யார் என்று அவருக்குப் பிடிபடவில்லை. மர்லிஸ் ஏமாற்றவில்லை, ஒரு கிழவனின் ஆசையைக் காப்பாற்றிக் கொடுத்தாள். அந்த நர்ஸ் ஒரு நாளைப் பற்றிச் சொன்னாள். எல்லா நாளையும் பற்றியதாக எடுத்துக்கொண்டவர் அவர். லெம்பிக்கு ஏமாற்றத் தெரியாது. ஆனாலும் எல்லோரும் சேர்ந்து, அவருக்குத் தெரியாமல், எதையோ அவர் காலடியிலிருந்து உருவிவிட்டதுபோல் இருந்தது. அதைவிட மோசமான இன்னொன்றும் இருந்தது. அவள் பசியோடு காத்திருந்திருக்கிறாள். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

காரில் திரும்பும்போதும் பின்னாலேயே ஏறினார். காட்டுக்குள் நுழைந்து வெகுதூரம் வந்த பிறகுதான் ரோண்டா கேட்டாள்.

"எப்படி இருக்காங்க?"

கண்ணாடியில் அவள் கண் தெரிந்தது. சரியாகத் தூங்காத கண். நன்றாக இருக்கிறாள் என்று சொன்னால் அந்தக் கண் இன்றைக்கே தூங்கிவிடும். வண்டியை நிறுத்தியது அவருக்கு நல்லது, ஊருக்கு நல்லது, லெம்பிக்கும் நல்லது என்றாகிவிடும். எல்லாம் நல்லதாகவே முடிந்தது, ஆர்விட் மட்டிலா ஒருவருக்கு மட்டும் எங்கேயும் வேலை இல்லை என்றாகிவிடும்.

"எலும்பும் தோலுமா இருக்கா" என்றார். "ரெண்டு வாரமா வாயத் திறக்கலையாம். குழாய் வச்சு இறக்கலாமான்னு பேசிட்டிருந்தாங்களாம். நான் குடுத்ததும் முழுக் கஞ்சியும் குடிச்சா."

காரின் வேகம் குறைந்தது. ரோண்டா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது போதாமல் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஆர்விட் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியிலிருந்த ஃபிளாஸ்கைக் காலடிக்குத் தள்ளினார்.

அவள் நிமிர்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியைக் கிளப்பியபோது அவர் கேட்டார்:

"வெள்ளிக்கிழமையும் வர முடியுமா?"

"வர்றேன் கேப்டன். ஷிஃப்ட் மாத்திக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமையும்" என்றார் ஆர்விட்.